தக்காளிப் பூவுக்குப் பாட்டு எட்டுமா?

தக்காளிப் பூவின் நடுவில் மஞ்சள் கூம்பாக நீண்டிருக்கும் பகுதியின் அடியில் ஒரு கருப்புத் தாளைப் பிடித்துக்கொண்டு, வெயில் சற்று ஏறிய நேரத்தில் பூக்காம்பை விரலால் இரண்டு முறை சுண்டினால், தாளில் வெளிர்மஞ்சள் தூள் மெல்லப் படிவதைக் காணலாம். அதே பூவின் அருகில் நின்று எவ்வளவு உரக்கப் பாடினாலும் தாள் கருப்பாகவே இருக்கும். ஆனால் தட்டி அதிரவிட்ட இசைக்கவையின் முனையைக் காம்பில் ஒட்டினாற்போல் வைத்தால் தூள் மீண்டும் உதிரத் தொடங்கும். செடிகளுக்கு இசையால் மகரந்தச் சேர்க்கை செய்யலாம் என்று பரவலாகச் சொல்லப்படுவதில் உண்மை எது, மிகை எது என்பதை இந்த மூன்று எளிய சோதனைகளே பெரும்பாலும் பிரித்துக் காட்டிவிடுகின்றன. பூவுக்கு வேண்டியது ஒலி அன்று, அசைவு. அந்த அசைவு எங்கே, எவ்வளவு, எப்படிப் போய்ச் சேர வேண்டும் என்பது அந்தந்தப் பூ தன் மகரந்தத்தை எப்படிப் பொத்தி வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது.

பெரும்பாலான பூக்களில் மகரந்தப் பை முதிர்ந்ததும் நீளவாக்கில் பிளந்து, உள்ளிருக்கும் தூளை வெளியே விரித்துவிடும். வந்து உட்காரும் பூச்சி எதுவாயினும் அதன் உடலில் அத்தூள் ஒட்டிக்கொள்ளும். கத்தரி, உருளைக்கிழங்கு, சுண்டை, மணத்தக்காளி ஆகியவற்றின் மகரந்தப் பைகள் அவ்வளவு தாராளமானவை அல்ல. அவை குழல் போல் மூடியே இருக்கும். நுனியில் மட்டும் ஊசியால் குத்தியது போன்ற சிறு துளைகள் உண்டு. தக்காளி இதே குடும்பத்தைச் சேர்ந்தது என்றாலும் சற்று வேறுபட்டது: அதன் பைகள் உட்பக்கமாக நீளவாக்கில் பிளக்கின்றன, ஆனால் அவை ஒன்றோடொன்று விளிம்பு பிணைந்து ஒரே கூம்பாக மூடிக்கொண்டிருப்பதால் தூள் வெளியேறக் கூம்பின் வாயைத் தவிர வேறு வழியில்லை. ஆவாரை, புளூபெர்ரி என்று ஒன்றுக்கொன்று உறவே இல்லாத பல குடும்பங்களிலும் இந்தத் துளைப்பை அமைப்பு தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. பூக்கும் தாவரங்களில் 20,000க்கும் மேற்பட்ட இனங்கள் இப்படிப்பட்டவை என்று கணக்கிடப்பட்டுள்ளது.

இத்தனை கெடுபிடி எதற்கு என்ற கேள்வி இயல்பாக எழும். இந்தப் பூக்களில் பலவற்றில் தேன் சுரப்பதே இல்லை. பூச்சிக்குக் கொடுக்கும் கூலியும் மகரந்தம்தான், அடுத்த தலைமுறைக்கான வித்தும் அதே மகரந்தம்தான். முழுவதையும் ஒரே பூச்சி வாரிச் சென்று தன் புழுக்களுக்கு ஊட்டிவிட்டால் பூவுக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. எனவே ஒவ்வொரு வருகைக்கும் சிறிதளவே கிடைக்கும்படி வாயைச் சுருக்கி வைத்திருப்பது செடிக்கு ஆதாயமாகிறது. வாயைச் சுருக்கிய பிறகு, அதைத் திறக்கத் தெரிந்த பூச்சிகள் மட்டுமே அங்கே பிழைக்க முடியும்.

அப்படித் தெரிந்தவை உடல் பருத்து மயிரடர்ந்த பம்பிள் தேனீக்கள், கருவண்டு என்று பலரும் அழைக்கும் தச்சுத் தேனீக்கள், வயிற்றில் நீலக் கோடுகள் உடைய நீலப்பட்டைத் தேனீக்கள் முதலியன. கூட்டில் வளர்த்துத் தேனெடுக்கும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. தக்காளி வயலின் ஓரத்தில் தேனீப் பெட்டி வைத்தும் பெரிய பயன் கிடைக்காததற்குக் காரணம் இதுதான். வித்தை தெரிந்த தேனீ பெரும்பாலும் பூவில் தொங்கிக்கொண்டு மகரந்தக் கூம்பைத் தாடைகளால் கவ்வுகிறது, உடலை அதைச் சுற்றி வளைத்துக்கொள்கிறது, சிறகுகளை முதுகின்மேல் மடித்து வைத்துக்கொண்டு பறப்பதற்கான தசைகளை மட்டும் இயக்குகிறது. மார்புக்கூடு விறைப்பாக அதிர்கிறது. அந்த அதிர்வு தாடை வழியாகவும் கால்கள் வழியாகவும் பூவுக்குள் இறங்குகிறது. சிறகுகளை வீசவேண்டிய சுமை இல்லாததால் தசைகள் பறக்கும்போது அதிர்வதைவிட வேகமாக அதிர்கின்றன. பறக்கும் பம்பிள் தேனீயின் முரலலைவிடப் பூவில் அமர்ந்த அதே தேனீயின் ரீங்காரம் தெளிவாகச் சுருதி உயர்ந்து கேட்பது இதனால்தான். இதற்கு ரீங்கார மகரந்தச் சேர்க்கை என்று பெயர். பெயர் ஒலியைச் சுட்டினாலும் வேலை செய்வது ஒலி அன்று. கேட்பவருக்கு ரீங்காரமாகத் தோன்றுவது, ஒரு இயந்திரம் ஓடும்போது வெளியே கசியும் சத்தத்தைப் போல, நடந்துகொண்டிருக்கும் வேலையின் துணைவிளைவு மட்டுமே.

அந்தக் கவ்வல் அடையாளம் விட்டுச் செல்கிறது. தேனீ வந்துபோன தக்காளிப் பூவின் மஞ்சள் கூம்பில், சில மணி நேரத்தில், பற்குறி பட்ட இடங்கள் பழுப்பாகக் கன்றிவிடும். பசுமைக்குடிலில் தக்காளி பயிரிடுவோர் தங்கள் தேனீக்கள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று பார்க்கக் கூட்டை எட்டிப் பார்ப்பதைவிட இந்தக் கன்றலைத்தான் நம்புகிறார்கள்.

மூடிய குழலுக்குள் நடப்பது என்ன என்பதை 1978இல் புக்மன், ஹர்லி என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு இயற்பியல் மாதிரியாக வகுத்தார்கள். தக்காளி வகைப் பூக்களின் மகரந்தம் எண்ணெய்ப் பசை அற்றது, உலர்ந்தது, வழுவழுப்பானது; ஒரு மணியின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு. பையின் சுவர் முன்னும் பின்னும் அதிரும்போது அதில் மோதும் மணிகள் ஒவ்வொரு மோதலிலும் சற்று வேகம் பெற்று ஒன்றையொன்று இடித்துக்கொண்டு தாறுமாறாகப் பாய்கின்றன. அவற்றில் துளையின் திசையில் பாய நேர்ந்தவை வெளியே பீய்ச்சியடிக்கப்படுகின்றன. சுவரின் அசைவு எவ்வளவு வலுவானதோ அவ்வளவு வேகமாகப் பை காலியாகும். வெளியே வந்த மணிகளைப் பிடிக்கத் தேனீயின் மயிர்கள் மட்டுமல்லாமல் மின்னூட்டமும் உதவுகிறது. பறந்து வரும் தேனீயின் உடலில் பொதுவாக நேர் மின்னூட்டம் ஏறியிருப்பதால் நுண்ணிய தூள் அதன்பால் தாவி ஒட்டுகிறது.

இங்கேதான் இசை என்ற எண்ணம் உள்ளே நுழைகிறது. தேனீயின் ரீங்காரத்தை அளந்தால் அது பெரும்பாலும் நொடிக்கு 200 முதல் 400 அதிர்வுகள் வரை, அதாவது 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை அமைகிறது. இது மனிதக் குரலும் பெரும்பாலான இசைக்கருவிகளும் எளிதாக எட்டும் எல்லை. பியானோவின் நடு சி சுமார் 262 ஹெர்ட்ஸ். ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் மேல் ஷட்ஜத்தைப் பிடிக்கும் இடமும் அதுவே. ஆகவே சரியான சுவரத்தைக் கண்டுபிடித்துப் பூவுக்கு ஒலித்துக் காட்டினால், பூட்டுக்கேற்ற சாவி கிடைத்தாற்போல் மகரந்தம் திறந்துவிடும் என்று கருதுவது இயல்புதான். கவர்ச்சியான கருத்து, ஆனால் இரண்டு இடங்களில் பிசகுகிறது.

முதலாவது, அந்த ஒற்றைச் சுவரம் என்று ஒன்று இல்லை. 2013இல் வெளியான ஓர் ஆய்வில், பம்பிள் தேனீயின் அதிர்வை ஒத்த செயற்கை அதிர்வுகளைக் கத்தரியின் உறவுச் செடி ஒன்றின் பூக்களுக்குச் செலுத்திப் பார்த்தபோது, உதிர்ந்த மகரந்தத்தின் அளவைத் தீர்மானித்தவை அதிர்வின் வீச்சும் அது நீடித்த நேரமும்தான். அதிர்வெண்ணுக்கு இருந்த பங்கு சிறியது. தேனீக்களே ஒரே சுருதியில் ஒலிப்பதில்லை. 2015இல் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர்கள், வட அமெரிக்கப் பம்பிள் தேனீ தக்காளிப் பூவைக் கவ்வி நொடிக்குச் சுமார் 240 முறை அதிர்விப்பதையும், ஆஸ்திரேலியாவின் நீலப்பட்டைத் தேனீ கவ்வாமலேயே தன் தலையை நொடிக்குச் சுமார் 350 முறை பூவின்மேல் மோதுவதையும் கண்டார்கள். இரண்டு முறையிலும் தூள் உதிர்ந்தது. அதிர்வெண்ணுக்கு மறைமுகமான ஒரு பங்கு உண்டு என்பதை மறுக்க வேண்டியதில்லை: அசையும் தூரம் மாறாமல் அதிர்வெண் இருமடங்கானால் முடுக்கம் நான்கு மடங்காகும், மணிகளை எறிவது அந்த முடுக்கமே. ஆனால் அதே முடுக்கத்தைக் குறைந்த அதிர்வெண்ணில் அதிக தூரம் அசைத்தும் பெறலாம். சரியான சுவரம் என்று நம்பப்படுவதற்கு அடியில் இருப்பது போதுமான வலு மட்டுமே.

இரண்டாவது பிசகு இன்னும் அடிப்படையானது. காற்றின் வழியே வரும் ஒலி பூவை அசைக்கும் திறன் மிக அற்பம். கணக்குப் போட்டால் இது தெளிவாகும். 94 டெசிபெல் என்பது அருகிலிருப்பவரிடம் கத்தித்தான் பேச முடியும் என்ற அளவுக்கு உரத்த சத்தம். அந்தச் சத்தத்தில், 300 ஹெர்ட்ஸில், காற்றின் துகள்கள் முன்னும் பின்னும் நகரும் தூரம் ஏறக்குறைய 1.3 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறுக்குச் சற்று மேல். பூவிலிருக்கும் தேனீயின் மார்பில் அளவிடப்படும் முடுக்கமோ புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் பத்து மடங்கை எளிதாக எட்டும், சில அளவீடுகளில் ஐம்பது மடங்கு வரை போகும். பத்து மடங்கு என்று வைத்துக்கொண்டாலே அதற்கு அதே 300 ஹெர்ட்ஸில் சுமார் 28 மைக்ரோமீட்டர் அசைய வேண்டும். காற்றே இருபதில் ஒரு பங்குதான் அசைகிறது. பூ காற்றோடு சேர்ந்து அப்படியே அசைவதும் இல்லை. மகரந்தப் பை காற்றைப் போல் பல நூறு மடங்கு அடர்த்தியானது. 300 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஒரு மீட்டருக்கு மேல், பையின் நீளமோ ஒரு சென்டிமீட்டருக்குள். இவ்வளவு சிறிய பொருளை அவ்வளவு நீண்ட அலை கடந்து செல்லும்போது எல்லாப் பக்கத்திலும் ஏறக்குறைய ஒரே அழுத்தம் ஏறி இறங்குகிறதே தவிர, ஒரு பக்கமாகத் தள்ளும் விசை மிகக் குறைவாகவே கிடைக்கிறது. பாடகர் எவ்வளவு சுருதி சுத்தமாகப் பாடினாலும் இந்தக் கணக்கை மாற்ற முடியாது.

இசைக்கவை அதே கணக்கில் எளிதாகத் தேறிவிடுகிறது. 256 ஹெர்ட்ஸ் கவையின் முனை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அசைந்தாலே அதன் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தின் இருபத்தைந்து மடங்கைத் தாண்டும். அந்த அசைவைக் காற்றிடம் ஒப்படைக்காமல் நேரே பூக்காம்பில் ஒப்படைப்பதில்தான் வெற்றி இருக்கிறது. கவையின் புயத்தைக் காம்பில் அழுத்திப் பிடித்தால் அதிர்வு உடனே அடங்கிவிடும் என்பதால், பூவுக்குச் சற்றுப் பின்னால், காம்பு வளையும் இடத்தில், முனை பட்டும் படாமலும் இருக்கும்படி ஓரிரு நொடி பிடிப்பதும், மீண்டும் தட்டி அடுத்த பூவுக்குப் போவதும் நல்லது. பேட்டரியில் ஓடும் மின் பல்துலக்கிகளில் சில, நிமிடத்துக்குச் சுமார் 31,000 அசைவுகள் என்ற விளம்பரத்தோடு விற்கப்படுகின்றன. போவதும் வருவதும் இரண்டு அசைவாகக் கணக்கிடப்படுவதால் அது ஏறக்குறைய 260 ஹெர்ட்ஸ், பம்பிள் தேனீயின் எல்லைக்குள் தற்செயலாக வந்து அமர்ந்த எண். பல்துலக்கியின் மயிர்ப்பக்கத்தை அன்றி முதுகுப்பக்கத்தைக் காம்பில் வைப்பதே பூவுக்குப் பாதுகாப்பு. இசையையே பயன்படுத்த வேண்டும் என்ற ஆசை தீராதவர்கள், சிறிய ஒலிபெருக்கியின் கூம்பு நடுவில் ஓர் இலேசான குச்சியை ஒட்டி அதன் மறுமுனையைக் காம்பில் தொடவைக்கலாம். ஆய்வகங்களில் பயன்படும் அதிர்வூட்டிகளும் கொள்கையளவில் இதுவே. அப்போதும் பாட்டைவிடத் தம்பூராவைப் போல் இடைவிடாமல் ஒலிக்கும் ஒற்றைச் சுவரமே மேல், ஏனெனில் பாட்டின் ஆற்றல் பல அதிர்வெண்களில் சிதறிக் கிடக்கிறது, நடுநடுவே மௌனமும் உண்டு.

செடிகளுக்கு இசை கேட்பித்த பழைய பரிசோதனைகள் இந்தப் பேச்சில் அடிக்கடி இழுக்கப்படுவதால் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் துறைத் தலைவராக இருந்த டி. சி. சிங் செடிகளுக்குக் கர்நாடக இசையைக் கேட்பித்து அவற்றின் வளர்ச்சியை அளந்தது பரவலாக அறியப்பட்ட செய்தி. அவருடைய முடிவுகளை ஏற்பதா என்பது தனி விவாதம். எப்படியும் அவை வளர்ச்சியைப் பற்றியவை, மகரந்தம் உதிர்வதைப் பற்றியவை அல்ல. பூவுக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பில் இதைவிடச் சுவையான செய்தி டெல் அவிவ் பல்கலைக்கழகத்திலிருந்து 2019இல் வந்தது. கடற்கரை மணலில் வளரும் ஒரு வகை அந்திப்பூச்செடிக்குத் தேனீ பறக்கும் ஒலியின் பதிவை ஒலிபரப்பியபோது, மூன்று நிமிடங்களுக்குள் அதன் தேனில் சர்க்கரையின் செறிவு கூடியது; 12 முதல் 17 விழுக்காடு வரை இருந்தது 20 விழுக்காட்டை எட்டியது. உயர்ந்த அதிர்வெண் ஒலிகளுக்கு அந்த மாற்றம் இல்லை. கிண்ணம் போன்ற மெல்லிய இதழ்கள் ஒலிக்கு நுண்ணிதாக அதிர்வதையும் அளந்தார்கள். அப்படியானால் காற்றொலி பூவை எட்டுகிறதே என்று கேட்கலாம். எட்டுகிறது, ஆனால் ஒரு குறிப்பாக மட்டும் எட்டுகிறது. ஒரு செய்தியை உணர்வதற்கு இம்மியளவு அசைவு போதும். பைக்குள் அடைந்து கிடக்கும் தூளை வெளியே வீசி எறிய அது போதாது.

தொழில்முறையில் இந்தச் சிக்கல் பெரிதாகத் தலைதூக்கியது பசுமைக்குடில்களில்தான். காற்று வீசாத, பூச்சி நுழையாத கண்ணாடிக் கூரைக்குள் தக்காளி பூத்துக் குலுங்கினாலும் காய் சரியாகப் பிடிக்காது. எனவே கையடக்க மின் அதிர்வூட்டிகளோடு ஆட்கள் வரிசை வரிசையாக நடந்து, ஒவ்வொரு பூங்கொத்தின் தண்டையும் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை தொட்டு அதிர்வித்தார்கள். பெல்ஜியத்தைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் ரோலண்ட் டி யாங்க், பம்பிள் தேனீக்கள் இதைச் சிறப்பாகச் செய்வதைக் கவனித்து, 1987இல் அவற்றை வளர்த்து விற்கும் நிறுவனத்தைத் தொடங்கிய பிறகு அந்த வேலை ஐரோப்பாவில் விரைவாகத் தேனீக்களின் கைக்கு மாறியது. பம்பிள் தேனீக்களை இறக்குமதி செய்ய அனுமதியில்லாத ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் மனிதக் கைகளும் கருவிகளுமே இன்னும் அந்த வேலையைச் சுமக்கின்றன. அங்கே நீலப்பட்டைத் தேனீயின் மீது ஆய்வாளர்களுக்கு இவ்வளவு அக்கறை ஏற்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

வீட்டுத் தோட்டத்தில் திறந்த வெளியில் நிற்கும் தக்காளிக்குக் காற்றே பெரும்பாலும் போதும். மகரந்தத்தை ஏற்கும் பெண்பகுதியான சூல்முடி அதன் மகரந்தக் கூம்புக்குள்ளேயே இருப்பதால், சற்று ஆட்டம் கிடைத்தால் தன் தூள் தன்மேலேயே விழுந்துவிடும். மூடிய இடத்திலும் காற்றில்லாத மூலையிலும்தான் கை உதவி தேவைப்படும். அப்போது நேரமும் வானிலையும் கருவியைவிட முக்கியம். காலைப் பனி உலர்ந்த பிறகு, ஏறக்குறைய பத்து மணிக்கு மேல், தூள் உலர்ந்து பொலபொலவென இருக்கும். ஈரப்பதம் மிகுந்தால் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி எந்த அதிர்வுக்கும் அசையாது, மிக வறண்டால் வந்து விழும் மணி சூல்முடியில் நிலைக்காது. வெப்பம் இன்னும் கறாரானது. பகல் 32 டிகிரி செல்சியஸுக்கு மேலும் இரவு 24 டிகிரிக்குக் குறையாமலும் தொடர்ந்து நீடித்தால் தக்காளியின் மகரந்தமே சரியாக உருவாகாது அல்லது முளைக்காது. அந்த நிலையில் காம்பை எவ்வளவு அதிர்வித்தாலும் உயிரற்ற தூளைத்தான் உதிர்க்கிறோம். கோடையில் பூ உதிர்கிறதே என்று புதிய கருவியைத் தேடுவதைவிட நிழல் வலை கட்டுவது பயன்தரும் என்பதே என் கருத்து.

கத்தரியில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. ஒரே செடியிலுள்ள பூக்களைக் கவனித்தால் சிலவற்றில் பச்சை நிறச் சூல்முடி மஞ்சள் மகரந்தப் பைகளைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், சிலவற்றில் அவற்றுக்குச் சமமாக நிற்கும், சிலவற்றில் உள்ளே குட்டையாகப் புதைந்திருக்கும். நீண்ட சூல்தண்டுள்ள பூக்கள் நன்றாகக் காய்க்கும். குட்டையானவை ஏறக்குறைய ஆண் பூக்களாகவே இருந்து உதிர்ந்துவிடும். அவற்றை அதிர்விப்பது வீண் வேலையன்று, ஏனெனில் அவற்றின் தூளை அடுத்த பூவின் சூல்முடியில் தடவலாம். ஆனால் அவை காயாகும் என்று காத்திருக்க வேண்டாம். மிளகாயின் பைகள் நீளவாக்கில் திறந்துகொள்வதால் செடியை இலேசாக உலுக்கினாலே போதும்.

பூசணிக் குடும்பத்துக்கு வந்தால் இதுவரை சொன்ன அதிர்வு உபாயங்கள் அத்தனையும் பயனற்றுப் போகின்றன. பூசணியின் மகரந்த மணி தக்காளியினுடையதைப் போல் பல மடங்கு பெரியது, மேற்பரப்பில் முட்கள் உடையது, எண்ணெய்ப் பசையால் ஒன்றோடொன்று ஒட்டியது. காற்றில் பறக்கவோ அதிர்வில் உதிரவோ அது படைக்கப்படவில்லை, பூச்சியின் உடலில் அப்பிக்கொள்ளவே படைக்கப்பட்டது. ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கொடியில் தனித்தனியாக இருப்பதால் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு யாராவது எடுத்துச் சென்றே ஆக வேண்டும். பெண் பூவை அடையாளம் காண்பது எளிது: இதழ்களுக்குக் கீழே, காம்பின் உச்சியில், அந்தந்தக் காயின் வடிவத்திலேயே ஒரு குட்டிப் பிஞ்சு இருக்கும். ஆண் பூவின் காம்பு மெலிந்து நேராகப் பூவில் முடியும். கொடி பூக்கத் தொடங்கும் முதல் சில நாட்களில் ஆண் பூக்களே வருவது வழக்கம். காய் பிடிக்கவில்லை என்று அப்போது கவலைப்படுவதில் பொருளில்லை.

கையால் செய்ய வேண்டியது இவ்வளவுதான். அன்று மலர்ந்த ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிழித்து நீக்கி, நடுவில் தூள் பூசிய தண்டை மட்டும் மிச்சம் வைத்து, அதைப் பெண் பூவின் சூல்முடியின் எல்லா மடல்களிலும் படும்படி மெல்லச் சுழற்றித் தேய்க்க வேண்டும். எல்லா மடல்களிலும் என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சூலகத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு சூலுக்கும் ஒரு மகரந்த மணியின் குழாய் வளர்ந்து போய்ச் சேர வேண்டும்; அப்படி உருவாகும் விதைகள் சுரக்கும் வளர்ச்சிப் பொருள்களே சுற்றியுள்ள சதையை வளரச் செய்கின்றன. ஒரு பக்கத்தில் மட்டும் விதை பிடித்தால் காயும் ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் சூம்பிக் கோணலாகும். கோணிய வெள்ளரியும் நுனி சூம்பிய பூசணிப் பிஞ்சும் பல வேளைகளில் அரைகுறை மகரந்தச் சேர்க்கையின் சான்றுகள்தாம். பக்கத்தில் வேறு ரகப் பூசணி இருந்தால் காயின் சுவை மாறிவிடுமோ என்ற ஐயத்துக்கும் இங்கே விடை கிடைக்கிறது: அந்த ஆண்டுக் காயின் சதை முழுவதும் தாய்ச் செடியின் திசு, தந்தையின் பங்கு விதைக்குள் மட்டுமே இருக்கும். அந்த விதையை ஊன்றி வரும் கொடியில்தான் கலப்பு வெளிப்படும். விதைக்காக வளர்ப்பவர்கள் முந்தின மாலையே மலரப்போகும் ஆண், பெண் மொக்குகளின் நுனியை நூலால் கட்டிவைத்து, மறுநாள் தாங்களே சேர்த்துவிட்டு, பெண் பூவை மீண்டும் கட்டிவிடுகிறார்கள்.

மறுநாள் எந்நேரம் என்பது செடிக்குச் செடி மாறும். பூசணி விடியும்போது மலர்ந்து முற்பகலிலேயே வாடத் தொடங்கும், அதன் தூளின் வீரியமும் வெயில் ஏற ஏறக் குறையும். எனவே அதிகாலையே உகந்தது. சுரையும் பீர்க்கும் புடலும் சூரியன் சாயும் நேரத்திலோ இருட்டிய பிறகோ மலர்பவை. வெண்ணிறமோ வெளிர்மஞ்சளோ பூண்டு இரவுப் பூச்சிகளுக்காகக் காத்திருப்பவை. காலையில் தூரிகையோடு சுரைப்பந்தலுக்குப் போகிறவர் பெரும்பாலும் வாடிய பூவையே காண்பார்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். மக்காச்சோளம் காற்றை நம்பியது. கதிரின் ஒவ்வொரு பட்டிழையும் ஒரு சோளமணிக்கு உரியது, தூள் படாத இழைக்கு நேரான இடம் கதிரில் பொக்கையாக இருக்கும், எனவே உச்சியிலுள்ள ஆண் கதிரை இழைகளின்மேல் உதறிவிட்டால் போதும். சீத்தாவின் ஒரே பூ முதலில் பெண்ணாகவும் பிறகு ஆணாகவும் நடந்துகொள்ளும். ஆண் நிலைக்கு வந்த பூவிலிருந்து தூளைச் சேகரித்துப் பெண் நிலையில் இருக்கும் வேறு பூவில் தூரிகையால் தடவ வேண்டும். மஞ்சள் ரகப் பேஷன் பழத்துக்குத் தன் தூள் ஆகாது. மரபு வேறான இன்னொரு கொடியின் தூள் வேண்டும்.

வனிலாவை மட்டும் அப்படிக் கடந்துபோக முடியாது. மெக்சிகோவிலிருந்து வெளியே கொண்டுபோன கொடிகள் எங்கும் பூத்தன, எங்கும் காய்க்கவில்லை. அதன் பூவில் மகரந்தத் திரளுக்கும் சூல்முடிக்கும் இடையே நாக்கு போன்ற மெல்லிய சவ்வு ஒன்று குறுக்கே தொங்குகிறது. 1836இல் லியேஜ் நகரத் தாவரவியலாளர் சார்லஸ் மோரன் கையால் சேர்த்துக் காய்க்க வைத்தார். ஆனால் தோட்டங்களில் பரவியது அவருடைய முறை அன்று. 1841இல், இன்று ரீயூனியன் எனப்படும் தீவில், எட்மண்ட் அல்பியஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன் ஒரு சிறு குச்சியால் அந்தச் சவ்வைத் தூக்கிப் பிடித்து, கட்டைவிரலால் மகரந்தத் திரளைச் சூல்முடியில் அழுத்தும் முறையைக் கண்டுபிடித்தான். சில நொடி வேலை. பூ ஒரே நாள், அதுவும் சில மணி நேரமே உயிரோடு இருப்பதால் தோட்டத்தை நாள்தோறும் சுற்றி வர வேண்டும். உலகின் வனிலா விளைச்சலின் பெரும்பகுதி இன்றும் அந்தச் சிறுவனின் கையசைவைப் பின்பற்றியே நடக்கிறது.

எந்த முறையைக் கையாண்டாலும் பலித்ததா என்பதைச் செடியே சில நாட்களில் சொல்லிவிடும். சேர்க்கை பலித்த தக்காளிப் பூவின் இதழ்கள் சுருங்கிக் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்க, அவற்றுக்குள் பச்சைக் குண்டூசித் தலை போல் பிஞ்சு திரளும், காம்பு பசுமையாக இருந்து தடிக்கும். பலிக்காத பூவில் காம்பின் நடுவிலுள்ள கணு முதலில் மஞ்சளாகும். ஓரிரு நாளில் பூ அந்தக் கணுவோடு ஒடிந்து விழும். கருப்புத் தாளில் தூள் நன்றாக உதிர்ந்தும் கணுக்கள் தொடர்ந்து மஞ்சளானால் குறை அதிர்வில் இல்லை; வெப்பம், நீர், உரம் என்று வேறிடத்தில் தேட வேண்டும்.